ஒன்பதுக்குப் போடும் கும்பிடு

டேட்டாபேஸுக்குள்ளேயே எழுதி ஓட்டும் ஃபங்ஷன்களைப் பற்றி இப்போது சுற்றிவரும் பயிற்சிக் குறிப்பு ஒன்றில் மறுபடியும் அதே உபதேசம்: திரும்பி வரும் ஸ்டேட்டஸ் எண் மைனஸில் இல்லையென்றால் வேலை முடிந்தது, நிம்மதியாக அடுத்த வரிக்குப் போகலாம். இரண்டு பக்கம் தள்ளி அதே குறிப்பு இன்னொன்றையும் சொல்கிறது: பூஜ்யம் வந்தால் வெற்றி, வேறு எது வந்தாலும் தோல்வி. முதல் விதிப்படி 4 என்பது வெற்றி. இரண்டாவது விதிப்படி அதே 4 தோல்வி. இரண்டையும் எழுதியவருக்கு இது உறுத்தவில்லை, படிப்பவர்களுக்கும் உறுத்துவதில்லை. ஒரே நிறுவனத்தில், ஒரே கோப்பில், ஐம்பது வரி இடைவெளியில் இரண்டு விதிகளும் சமாதானமாகக் குடியிருக்கின்றன. எண் என்றாலே கணக்கு, கணக்கு என்றாலே கறார் என்ற மயக்கம்தான் இதற்கெல்லாம் அடிப்படை. வாயால் சொன்னால் நான்கு கேள்வி கேட்கிறவர்கள், இலக்கத்தில் வந்தால் கும்பிட்டு வாங்கிக்கொள்கிறார்கள்.

போஸ்ட்கிரெஸை எடுத்துக்கொள்வோம். அதன் உள்ளே ஃபங்ஷன்கள் எஸ்க்யூஎல் கட்டளைகளை ஓட்டுவதற்கு சர்வர் புரொகிராமிங் இன்டர்ஃபேஸ் என்றொரு வழி உண்டு. சுருக்கமாக எஸ்பிஐ (பாரத ஸ்டேட் வங்கிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). அது திருப்பித் தரும் எண்களின் பட்டியலை ஒரு முறை நிதானமாகப் படித்தவர்கள் யாரும் மேற்சொன்ன உபதேசத்தைச் செய்ய மாட்டார்கள். 4 என்றால் டேபிள் உருவாக்குவது போன்ற நிர்வாகக் கட்டளை ஓடியது. 5 என்றால் செலக்ட். 7 என்றால் இன்சர்ட், 8 என்றால் டெலீட், 9 என்றால் அப்டேட். இவ்வளவுதான் சமாசாரம். இந்த எண்கள் வேலையின் பலனைச் சொல்ல வந்தவையே அல்ல. என்ன வகைக் கட்டளை ஓடியது என்பதைச் சொல்ல வந்தவை. நீங்கள் அப்டேட் ஓட்டச் சொன்னீர்கள், நான் அப்டேட்டை ஓட்டினேன் என்பதே 9. எத்தனை ரோ மாறியது என்று அது சொல்லவில்லை, ஒன்றாவது மாறியதா என்றும் சொல்லவில்லை. நிபந்தனைக்கு ஒரு ரோகூடப் பொருந்தாமல் போனால் 9. நிபந்தனை எழுதவே மறந்து பத்து லட்சம் ரோவும் நாசமானால் அப்போதும் 9. இரண்டு நேர் எதிரான விபத்துகளுக்கு ஒரே பதில் தருகிற ஒன்றை வெற்றிக்கு அத்தாட்சி என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

பணம் மாற்றும் ஃபங்ஷன் ஒன்றை மனதில் கட்டிப் பாருங்கள். முதல் அப்டேட் ஒரு கணக்கில் ஐயாயிரம் ரூபாயைக் கழிக்கிறது. இரண்டாவது அப்டேட் இன்னொரு கணக்கில் அதைக் கூட்டுகிறது. இரண்டாவது கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் தவறு, அப்படியொரு கணக்கே கிடையாது. முதல் அப்டேட்டுக்கு 9 வருகிறது. இரண்டாவதற்கும் 9 வருகிறது. மைனஸ் எதுவும் இல்லை, ஆகவே குறிப்பு சொன்னபடி நிம்மதியாகக் கமிட் செய்கிறார்கள். ஐயாயிரம் ஒரு கணக்கிலிருந்து கிளம்பிவிட்டது, எந்தக் கணக்குக்கும் போய்ச் சேரவில்லை. இதில் டேட்டாபேஸ் பொய் சொன்னதா என்றால், இல்லை. அது சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. பதிவுத் தபால் அனுப்பிய ரசீதைக் காட்டிக் கடிதம் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று வாதாடினால் அது ரசீதின் குற்றமாகாது. இத்தனைக்கும் சேர்ந்ததா இல்லையா என்ற தகவல் பக்கத்திலேயே கிடக்கிறது. எத்தனை ரோ கையாளப்பட்டது என்பதை எஸ்பிஐ தனியாக ஓர் எண்ணில் வைத்திருக்கிறது. பிஎல்/பைத்தானில் ஸ்டேட்டஸைக் கேட்கிற அதே ஆப்ஜெக்டிடம் என்ரோஸ் என்று கேட்டால் அது பூஜ்யம் என்று பதில் சொல்லும். கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை. 9 வந்துவிட்டதே!

ரோ ஏன் பொருந்தாமல் போகும், தப்பான எண் கொடுத்தால்தானே என்று கேட்பார்கள். இல்லை. ஒரு நெடுவரிசையை நல் என்ற வெற்று மதிப்புடன் சமக்குறி போட்டு ஒப்பிட்டாலே போதும், எந்த ரோவும் பொருந்தாது, 9 வரும். அப்டேட்டுக்கு முன்னால் ஓடும் ரோ டிரிகர் நல்லைத் திருப்பினால் அந்த ரோ சத்தமில்லாமல் தவிர்க்கப்படும், 9 வரும். போஸ்ட்கிரெஸ் 9.5 பதிப்பிலிருந்து ரோ அளவிலான பாதுகாப்புக் கொள்கைகள் இருக்கின்றன, உங்கள் பயனர் பெயருக்குத் தெரியக் கூடாத ரோக்கள் உங்கள் அப்டேட்டின் கண்ணில் படாது, அனுமதி இல்லை என்று எரரும் வராது, 9 வரும். அதே பதிப்பில் வந்த ஆன் கான்ஃப்லிக்ட் டூ நத்திங் வசதியைச் சேர்த்து இன்சர்ட் எழுதினால், ஏற்கெனவே இருக்கும் ரோவுடன் மோதி எதுவும் சேராமல் போனாலும் இன்சர்ட்டுக்குரிய 7 வரும். இவையெல்லாம் எங்கோ மூலையில் கிடக்கும் விசித்திரங்கள் அல்ல. டிரிகரும் பாதுகாப்புக் கொள்கையும் மோதல் தவிர்ப்பும் இன்றைய எந்த ஒழுங்கான அமைப்பிலும் தினசரி ஓடுகிறவை.

சரி, மைனஸைப் பார்க்காமல் நேராக 9 தானா என்று சோதித்தால்? இப்படிக் கேட்கிறவர்கள் தங்களைக் கொஞ்சம் கூடுதல் கவனசாலிகள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்த அப்டேட்டின் கடைசியில் ரிட்டர்னிங் என்று ஒரு சொல்லைச் சேர்த்து, மாறிய ரோவைத் திருப்பிக் கேளுங்கள். செய்த வேலையில் ஒரு குறையும் கிடையாது, பணம் சரியாக மாறியிருக்கும். ஆனால் வருவது 9 அல்ல, 13. இன்சர்ட்டில் ரிட்டர்னிங் சேர்த்தால் 7 போய் 11 வரும், டெலீட்டில் 8 போய் 12. ரூல் ஒன்று உங்கள் அப்டேட்டை உள்ளே வேறு வகைக் கட்டளையாக மாற்றி எழுதியிருந்தால் 14. பட்டியல் அதோடு நின்றுவிடவும் இல்லை. 2022இல் வந்த 15ஆம் பதிப்பு மெர்ஜ் கட்டளையைக் கொண்டுவந்தது, அதற்கு 18. 2024இல் வந்த 17ஆம் பதிப்பு மெர்ஜிலும் ரிட்டர்னிங்கை அனுமதித்தது, அதற்கு 19. கட்டளை வகைகள் பெருகப் பெருகப் பட்டியல் நீள்கிறது. வகைகளின் பட்டியல் நீளத்தான் செய்யும். ஆக, ஒன்றுமே மாறாத அப்டேட்டுக்கு 9 வந்து வெற்றி என்று ஏமாற்றுகிறது, ஒழுங்காக மாறிய அப்டேட்டுக்கு 13 வந்து தோல்வி என்று ஏமாற்றுகிறது. ஒரே சோதனை இரண்டு திசையிலும் தவறுகிறது. இனி இதற்குச் சோதனை என்று பெயர் வைப்பதே அதிகம்.

மைனஸ் பக்கம் இன்னும் வேடிக்கை. எஸ்பிஐ பட்டியலில் மைனஸ் எண்கள் உண்டு: இணைப்பு இல்லாமல் அழைத்தால் −4, தவறான ஆர்கியுமென்ட் கொடுத்தால் −6, இந்த இடத்தில் கூடாத டிரான்ஸாக்ஷன் கட்டளை என்றால் −8. எல்லாமே எஸ்பிஐ தன்னைப் பயன்படுத்திய விதத்தைப் பற்றிச் சொல்லும் முறையீடுகள். ஆனால் புரொகிராமர்கள் உண்மையில் பயப்படுகிற பிழைகள் எவை? ஒரே அடையாள எண் இரண்டு முறை நுழைவது, இல்லாத டேபிளைக் கேட்பது, இரண்டு டிரான்ஸாக்ஷன்கள் ஒன்றையொன்று முட்டுவது. இவற்றில் ஒன்றுகூட மைனஸ் எண்ணாகத் திரும்பி வராது. கட்டளை தோற்றால் கட்டுப்பாடு அழைத்தவரிடம் திரும்பவே திரும்பாது, நடப்பு டிரான்ஸாக்ஷனோ அதன் உட்பிரிவோ பின்வாங்கப்படும் என்று போஸ்ட்கிரெஸின் ஆவணமே தெளிவாகச் சொல்கிறது. பிஎல்/பைத்தானில் அது எக்ஸெப்ஷனாக எழும். அதாவது, பூஜ்யத்தை விடக் குறைவா என்று கேட்கிற அந்த இஃப் வரிக்கு, அது பிடிக்க நினைத்த பிழை ஒருநாளும் வந்து சேராது. வரவே முடியாத திருடனுக்குக் காவல் போட்டுவிட்டு, வாசல் வழியே நடந்துபோகிற 9க்கு சலாம் வைக்கிறார்கள்.

ஒரே வீட்டுக்குள்ளேயே எண்ணின் பொருள் நிலையாக இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பிஎல்/பைத்தானில் ஸ்டேட்டஸ் எண்ணாக வருகிறது. பிஎல்/பெர்லில் அதே ஸ்டேட்டஸ் எழுத்தாக, எஸ்பிஐ ஓகே அப்டேட் என்று பெயர் சொல்லி வருகிறது. எத்தனை ரோ என்பது பிராசஸ்டு என்ற பெயரில் பக்கத்திலேயே இருக்கிறது. பிஎல்/டிசிஎல்லிலோ எஸ்பிஐ எக்ஸெக் திருப்பித் தருவது ரோக்களின் எண்ணிக்கையையே. ஆக 5 என்று வந்தால் ஒரு மொழியில் அது செலக்ட் ஓடியது என்று பொருள், இன்னொரு மொழியில் ஐந்து ரோ என்று பொருள். 9 வந்தால் பைத்தான்காரருக்கு ஏதோ ஓர் அப்டேட், டிசிஎல்காரருக்கு ஒன்பது ரோ. பெர்ல் வழி எவ்வளவோ மேல் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். பெயரைப் படிக்கிறவருக்கு ஓடியது அப்டேட் என்பதாவது உறைக்கும், பலன் வேறெங்கோ இருக்கிறது என்று சந்தேகமாவது தட்டும்.

வீட்டை விட்டு வெளியே வந்தால் குழப்பம் தெருவெல்லாம். ஒரு லாக் கேட்பதை மட்டும் பார்க்கலாம். ஆரக்கிளில் டிபிஎம்எஸ் லாக் பேக்கேஜின் ரிக்வெஸ்ட் ஃபங்ஷன் 0 தந்தால் லாக் கிடைத்தது, 1 தந்தால் காத்திருந்து நேரம் முடிந்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வரில் கெட்ஆப்லாக் 0 தந்தால் உடனே கிடைத்தது, 1 தந்தால் காத்திருந்து கிடைத்தது. நேரம் முடிந்தால் அங்கே −1. மைஎஸ்க்யூஎல்லின் கெட் லாக் 1 தந்தால் கிடைத்தது, 0 தந்தால் நேரம் முடிந்தது, எரர் என்றால் எண்ணே இல்லை, நல். மூன்று இடத்தில் ஒரே கேள்வி, ஒரே 1. ஓரிடத்தில் தோல்வி, இரண்டிடத்தில் வெற்றி. இதற்கு மேல் ஆரக்கிளின் 4 வேறு இருக்கிறது: அந்த லாக் ஏற்கெனவே உங்களிடம்தான் இருக்கிறது என்று பொருள். பூஜ்யம் இல்லாததெல்லாம் தோல்வி என்று படித்தவர் கையிலிருக்கும் பொருளைத் தொலைந்துவிட்டதாக அலறி வேலையை நிறுத்துகிறார். டேட்டாபேஸ் மாறும்போது விதியும் மாறும் என்று ஒரு வாக்கியம் எழுதியிருந்தால் போதும். எழுத மாட்டார்கள். உலகப் பொது விதி என்று அடித்துச் சொன்னால்தானே பாடம் கம்பீரமாக இருக்கும்.

பூஜ்யமே வெற்றி என்பது யூனிக்ஸ் காலத்து மரபு, அதை மீறலாமா என்பது வழக்கமாக வரும் ஆட்சேபம். யூனிக்ஸிலேயே கிரெப் தேடியது கிடைக்காவிட்டால் 1 தருகிறது, டிஃப் இரண்டு கோப்புக்கும் வேறுபாடு இருந்தால் 1 தருகிறது. இரண்டுமே தோல்வி அல்ல, பதில்கள். மரபைக் காரணம் காட்டுகிறவர்கள் மரபையாவது முழுசாகப் படித்திருக்கலாம். அடுத்தது, பூஜ்யம் ரோ மாறுவது சில இடங்களில் நியாயம்தானே, பழைய பதிவுகளைத் துடைக்கும் இரவு வேலையில் துடைக்க ஒன்றும் இல்லாவிட்டால் அது பிழையா என்ற கேள்வி. பிழை இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இது என் கட்சிக்குத்தான் வலு சேர்க்கிறது. பணம் மாற்றும் அப்டேட்டில் பூஜ்யம் ரோ பேரிடர், துடைக்கும் வேலையில் பூஜ்யம் ரோ சகஜம். எது எது என்று தீர்மானிக்கும் அறிவு ஃபங்ஷனை எழுதுகிறவருக்குத்தான் உண்டு. 9க்கு அது கிடையாது. எக்ஸெப்ஷன் பிடிப்பது செலவு பிடிக்கும் காரியம், எண்ணைப் பார்ப்பது மலிவு என்றும் சொல்வார்கள். போஸ்ட்கிரெஸின் பிஎல்/பிஜிஎஸ்க்யூஎல்லில் எக்ஸெப்ஷன் பிரிவு வைத்த பிளாக்குக்குள் நுழைவதும் வெளியேறுவதும் கூடுதல் செலவு என்பது உண்மை. அதற்காகப் பொருத்தமில்லாத எண்ணைப் பார்க்க வேண்டுமா? ரோ எண்ணிக்கை இலவசமாகக் கிடைக்கிறது. கெட் டயக்னாஸ்டிக்ஸ் ஒரு வரி. ஃபவுண்ட் என்ற மாறி தானாகவே வந்து நிற்கிறது, எக்ஸிக்யூட் வழியாக ஓட்டிய கட்டளை அதை மாற்றாது என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். செலக்ட் இன்டூவுடன் ஸ்டிரிக்ட் என்று சேர்த்துவிட்டால் ரோ இல்லாதபோது தானே கூச்சலிடும்.

இந்த எண் பக்தியில் பெரும்பங்கு எஸ்க்யூஎல் கோட் என்ற பழைய ஸ்டேட்டஸ் எண்ணுக்கு உண்டு. 1980களின் தரப்படுத்தலில் 0 என்றால் சரி, 100 என்றால் தரவு இல்லை, மைனஸ் என்றால் பிழை என்று வைத்தார்கள். எந்த மைனஸ் எந்தப் பிழை என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொண்டது. 1992ஆம் ஆண்டுத் தரம் ஐந்து எழுத்து எஸ்க்யூஎல் ஸ்டேட்டைக் கொண்டுவந்து, பழைய எண்ணைக் கைவிட வேண்டியதாக அறிவித்தது. 00000 என்றால் சரி, 02 வகுப்பு என்றால் தரவு இல்லை, போஸ்ட்கிரெஸில் 23505 என்றால் தனித்தன்மை மீறல். முதல் இரண்டு எழுத்திலேயே வகுப்பு தெரிந்துவிடும். அதற்குப் பிறகும் முப்பது வருஷத்துக்கு மேலாக மைனஸ் பிளஸ் பாடம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆரக்கிளின் பிஎல்/எஸ்க்யூஎல்லில் இன்றும் எஸ்க்யூஎல் கோட் இருக்கிறது. தரவு கிடைக்காத எக்ஸெப்ஷனுக்கு அது +100, நீங்களே அறிவித்த எக்ஸெப்ஷனுக்கு +1. மைனஸ் மட்டுமே பிழை என்று நம்புகிறவரின் கையில் இரண்டும் பிழையில்லாமல் நழுவும். எஸ்க்யூஎல் சர்வரில் ஃபாரின் கீ மீறல், 547ஆம் எண் பிழை, வழக்கமான அமைப்பில் அந்த ஒரு கட்டளையை மட்டுமே நிறுத்தும். டிரை–கேட்ச் இல்லாத புரொசீஜர் அடுத்த வரிக்குப் போய், கடைசியில் யாரோ பழக்கதோஷத்தில் எழுதிவைத்த ரிட்டர்ன் 0 வரியை எட்டி, வெற்றி என்று அறிவித்துவிட்டு முடியும். பிழையெண்ணைத் தாங்கும் மாறியோ அடுத்த கட்டளை சரியாக ஓடியதுமே 0 ஆகிவிடும்.

இதைவிட மோசமானவர்கள், இருக்கிற எக்ஸெப்ஷனையும் பிடித்து எண்ணாக்கிவிடுகிற வகையினர். வென் அதர்ஸ் என்று எழுதி, வந்தது என்ன பிழையாக இருந்தாலும் −1ஐத் திருப்பி அனுப்புவது. எந்த டேபிள், எந்த நிபந்தனை, எந்த வரி என்று டேட்டாபேஸ் பொறுமையாகச் சொன்ன அத்தனையும் அந்த −1க்குள் புதைந்துவிடுகிறது. அழைத்தவரோ −1ஐப் பார்த்து 0ஐத் திருப்பி அனுப்புகிறார். ஆரக்கிள் கம்பைலரே இதைப் பொறுக்க மாட்டாமல், வென் அதர்ஸ் பிரிவு பிழையை மறுபடி எழுப்பாமல் முடிந்தால் 06009 என்ற எச்சரிக்கையைத் தருகிறது. எச்சரிக்கையை இயக்கிவைத்தால் வரும், இயக்க யாருக்கு மனசு வருகிறது? வேலைக்கு ஆள் எடுக்கும் நேர்காணல்களில் மட்டும் இந்த எண்களுக்குத் தனி மரியாதை. 5 எது, 7 எது என்று மனப்பாடமாகக் கேட்கிறார்கள். ரோ பூஜ்யமானால் உங்கள் ஃபங்ஷன் என்ன செய்யும் என்று கேட்டால் எதிரில் இருப்பவர் யார் என்பது தெரிந்துவிடும், ஆனால் கேட்பவருக்கும் பதில் தெரிந்திருக்க வேண்டுமே. விண்ணப்பம் வெற்றிகரமாகச் சமர்ப்பிக்கப்பட்டது என்று பச்சை எழுத்தில் காட்டிவிட்டு, மறுநாள் அப்படியொரு விண்ணப்பமே இல்லை என்று சொல்லும் இணையதளங்களின் பின்னாலும், எரரை உள்ளே வைத்துக்கொண்டு வெளியே 200 என்று அனுப்பும் வெப் சேவைகளின் பின்னாலும் இதே மனப்பான்மைதான் வேலை செய்கிறது: கேட்கப்பட்டது ஓடியதா என்று பார், நடந்ததா என்று பார்க்காதே.

ரோ எண்ணிக்கையைப் பார் என்று இவ்வளவு சொன்னதைப் பிடித்துக்கொண்டு, அடுத்த பயிற்சிக் குறிப்பு எண்ணிக்கை பூஜ்யமானால் தோல்வி, ஒன்றானால் வெற்றி என்று புது உபதேசம் எழுதும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எழுதும் முன் மைஎஸ்க்யூஎல்லை ஒரு முறை பார்த்துக்கொள்ளட்டும். ஒரு ரோவில் ஏற்கெனவே இருக்கும் மதிப்பையே மறுபடி எழுதினால் போஸ்ட்கிரெஸ் அதை 1 என்று எண்ணும். மைஎஸ்க்யூஎல் வழக்கமான நிலையில் உண்மையில் மாறியதை மட்டுமே எண்ணும், ஆகவே 0. பொருந்திய ரோக்களை எண்ணும்படி இணைப்பிலேயே அமைத்தால் அதே கட்டளைக்கு அதுவும் 1 சொல்லும். ஆன் டூப்ளிகேட் கீ அப்டேட் சேர்த்து ஒரே ஒரு ரோவுக்கு இன்சர்ட் எழுதினால், அது புதிதாகச் சேர்ந்தால் 1, இருந்த ரோ மாறினால் 2.